கலாவதி என்கிற மயில்சாமி

கலாவதி என்பது என் பெயர். அதன் பின்னால் வால் மாதிரி தொங்கும் மயில்சாமி என்பது ஊர்ப் பெயரும் இல்லை, குலப் பெயரும் இல்லை. அது ஓர் ஆளின் பெயர். என்னையும் நாலு வயதுப் பெண்ணையும் டெக்சாஸில் விட்டுவிட்டு கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்ட ஆள். இப்போது ஃப்ரீமான்டில் ஷ்யாமளாவோடு சௌக்கியமாக இருக்கிறார். அவர் போனார், பெயர் போகவில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் படித்த காலத்தில் நான் கே. கலாவதி. கே என்றால் கந்தசாமி, என் அப்பா. கல்யாணமாகி பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தபோது சர்நேம் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது சர்நேம். ஈரோட்டு டிராவல்ஸ்காரர் யாரையும் கேட்காமல் புருஷன் பெயரை எழுதிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். குடும்பம் நடத்திய காலம் முழுக்க அவர் எனக்கு 'என்னங்க'தான். அவர் போன பிறகுதான் பேங்க், டாக்டர், ஃபோன் கம்பெனி என்று எவன் கேட்டாலும் எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன். எம் ஆஸ் இன் மேரி, ஏ ஆஸ் இன் ஆப்பிள். கூட இருந்தவரை ஒரு தடவைகூடச் சொல்லாத பெயரை இத்தனை வருஷமாக அமெரிக்காவுக்கு ஸ்பெல்லிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். விவாகரத்தின்போது வக்கீலம்மா கேட்டார், பழைய பெயர் வேண்டுமென்றால் இதே ஆர்டரில் போட்டுவிடலாம் என்று. வேண்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் டேகேரில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என் பெண் வெண்பாவை என்னிடம் கொடுக்க மாட்டேன் என்று நின்றாள். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தாள், குழந்தையின் பையில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்தாள். இரண்டிலும் மயில்சாமி. 'ஓ, யூ ஆர் மாம்' என்று சிரித்து, குழந்தையைக் கையில் கொடுத்தாள். நான் நிறத்தில் கறுப்பு, வெண்பா அவள் அப்பாவைப் போல வெளுப்பு. பேச்சில் எனக்குக் கோபி வாடை இன்னும் போகவில்லை. அந்தப் பெயரும் இல்லாவிட்டால் ஒவ்வொரு கவுண்டரிலும் நான் இவளுக்கு யார் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் வக்கீலம்மாவிடம் வேண்டாம் என்றேன். இந்தக் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வெண்பா வளர்ந்து, ஹூஸ்டனிலேயே வேலைக்குப் போய், மார்க் கிரீன்வுட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். மார்க் தங்கமான பையன். அவன் அம்மா லூசில் அதைவிடத் தங்கம். குறை சொல்ல இடமே தராத சம்பந்தியம்மா, சில நாள் அதுவே எரிச்சலாக இருக்கும்.

லூசிலின் புருஷன் எண்ணெய் கம்பெனியில் வேலை பார்த்து, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் வீடு வாங்கி, ரிட்டையரான சூட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அதிலிருந்து லூசிலுக்கு வம்சம் தேடுவதுதான் வேலை. அவர்கள் பூர்விகம் கனடா, க்யூபெக் பக்கம், பிரெஞ்சு பேசுகிற சனம். கிரீன்வுட் என்பதே அசல் பெயர் இல்லை. ப்வாவேர் என்பதுதான் அசல். பிழைப்புக்காக எல்லை தாண்டி நியூ ஹாம்ப்ஷயருக்கு மில் வேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தாவின் பெயர், மேஸ்திரி வாயில் நுழையவில்லை. பச்சை மரம் என்றுதானே அர்த்தம், கிரீன்வுட் என்று எழுதிக்கொள் என்று சொல்லிவிட்டான். நல்லவேளை எங்கள் ஆளை எந்த மேஸ்திரியும் மொழிபெயர்க்கவில்லை, இல்லாவிட்டால் நான் கலாவதி பீகாக் காட் ஆகியிருப்பேன் என்றேன். லூசில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அவர்கள் ஊர் வழக்கமெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்தில் பையன் என்றால் ஜோசஃப், பெண் என்றால் மரி என்று வைத்துத்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்களாம். ஒரு வீட்டில் ஏழு ஜோசஃப் இருந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டேன். அது சாமிக்கு வைக்கிற பெயர், நடுவில் ஞானத்தாய் பெயரோ ஞானத்தகப்பன் பெயரோ வரும், கடைசியில் வருவதுதான் வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்றாள். சில குடும்பங்களுக்கு இரண்டு பெயர் இருந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 'தீ' என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லைப் போடுவார்களாம். நெருப்பில்லை. 'என்கிற' என்று அர்த்தம். நம் ஊர்ப் பத்திரத்தில் பழனிச்சாமி என்கிற பழனி என்று எழுதுவோமே, அதேதான். அப்படிப் பார்த்தால் நான் கலாவதி என்கிற மயில்சாமி என்றேன். இந்தத் தடவை லூசில் சிரிக்கவில்லை, என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

இன்னொரு வழக்கமும் சொன்னாள். அவர்களுடைய மாதா கோயில் பதிவுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பன் வீட்டுப் பெயரை விடுவதில்லை. பிறந்தபோது என்ன பெயரோ, கல்யாணத்திலும் அதே, சாகும்போதும் அதே. ஒரு பெண்ணைக் காட்டினாள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பதினோராவது பிரசவத்தில் செத்திருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், பனியில் புதைத்திருக்கிறார்கள். ஆனால் தன் பெயரோடு புதைத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. லூசிலும் ஊருக்குத்தான் கிரீன்வுட், அவள் போட்டு வைத்திருக்கும் வம்ச சார்ட்டில் லூசில் பெல்ரோஸ்.

போன வைகாசியில் வெண்பாவுக்குப் பெண் பிறந்தது. மார்க் வீட்டில் யாரும் இப்போது கோயிலுக்குப் போவதில்லை, அதனால் ஞானஸ்நானம் இல்லை. அதற்குப் பதில் எங்கள் வழக்கப்படி தொட்டில் போட்டுக் காதில் பெயர் சொல்வது, அவர்கள் வழக்கப்படி மூன்று பெயர் வைப்பது, இரண்டு குடும்பத்தின் வம்ச சார்ட்டையும் பெரிதாக அச்சடித்து மாட்டுவது என்று முடிவானது. பெயரை மட்டும் அன்றைக்குத்தான் சொல்வோம் என்று வெண்பாவும் மார்க்கும் ரகசியமாக வைத்திருந்தார்கள். சார்ட் போடும் பொறுப்பு லூசிலின் ஒன்றுவிட்ட அண்ணன் ரோலண்டுக்கு. நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறார். எங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை, வெண்பா கல்யாணத்துக்கும் வரவில்லை.

விழா எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸில். நான் கேசரிக் குண்டானை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர்ச் சுவர் முழுக்க சார்ட். நம் ஊர் கல்யாண ஃப்ளெக்ஸ் அளவுக்கு இருந்தது. இடது பாதி முழுக்க மரிகளும் ஜோசஃப்களும். வலது பாதியில் 'மயில்சாமி குடும்பம்' என்று தலைப்பு. எங்களுக்கு மூன்று தலைமுறைக்கு மேல் யாருக்கும் தெரியாததால் அந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. இருந்த கொஞ்சம் பெட்டிகளில் என் பெயரைத் தேடினேன்.

மயில்சாமி ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கோடு, கோட்டின் அந்த முனையில் ஷ்யாமளா சந்தானம். இரண்டுக்கும் நடுவில் இருந்து இறங்கும் கோட்டில் வெண்பா மயில்சாமி. மயில்சாமிக்கு இந்தப் பக்கம், கூடப் பிறந்தவர்களைப் போடும் இடத்தில், கலாவதி மயில்சாமி. எனக்குக் கீழே கோடே இல்லை.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவள். தப்பு எப்படி நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம். இது எப்படி நடந்தது என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வெண்பா பெயர்களை மட்டும் மெசேஜில் தட்டி அனுப்பியிருப்பாள், யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதச் சோம்பல்பட்டிருப்பாள். ரோலண்டுக்குத் தெரிந்த சார்ட் உலகத்தில் பெண்டாட்டிக்குப் புருஷன் பெயர் வராது. வேறு பெயர் இருந்தால் பெண்டாட்டி, அதே பெயர் இருந்தால் கூடப் பிறந்தவள். ஷ்யாமளா சென்னைக்காரி, படித்த குடும்பம், அப்பா சந்தானத்தின் பெயரை விடாமல் வைத்துக்கொண்டவள். ஆகவே அவள் பெண்டாட்டி. நான் தங்கச்சி. அந்த மனுஷன் கணக்கில் பிழையே இல்லை. எந்தப் பெயர் இருந்தால் என்னை அம்மா என்று ஒத்துக்கொள்வார்கள் என்று கட்டிக்கொண்டு அழுதேனோ, அந்தப் பெயரே என்னை அத்தையாக்கிவிட்டது.

பக்கத்தில் வந்து நின்ற பிரீத்தி என் தெருவுக்குப் புதுசு. "கலா, நீங்க மயில்சாமி சாரோட சிஸ்டரா? சொல்லவே இல்லையே. நான் வெண்பாவோட அம்மா நீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்."

"அம்மாதாங்க" என்றேன். "ப்ரிண்டிங் மிஸ்டேக்."

அதற்குள் மயில்சாமியே வந்துவிட்டார். முடிக்குச் சாயம், சில்க் ஜிப்பா. ஷ்யாமளா பின்னால் பரிசுப் பையோடு தயங்கி நின்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சங்கடம்தான். அவருக்கு அதெல்லாம் கிடையாது. சார்ட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார், தன் பெயர் தலைப்பில் இருப்பதை இரண்டு முறை பார்த்தார், என் பெட்டிக்கு வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன கலா, நம்ம ரெண்டு பேத்தையும் அண்ணன் தங்கச்சி ஆக்கிப்போட்டானுங்க. வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான் போ."

ஒரு மனுஷனுக்கு எதுவுமே உறைக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வரம். லூசிலைத் தேடிப் போனேன். அவள் சார்ட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்து வாயில் கை வைத்துக்கொண்டாள். தான் இந்தப் பாதியைப் பார்க்கவே இல்லை, கழற்றிவிடலாம், வேறு சார்ட் அச்சடித்து அனுப்ப ரோலண்டிடம் சொல்கிறேன் என்று பதறினாள். பிறகு அவளுக்கே ஏதோ நினைவு வந்து குரல் தாழ்ந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் ரோலண்ட் உங்கள் பாதியை வெண்பாவுக்கு அனுப்பினாரே, அவள் எல்லாம் சரி என்று பதில் போட்டாளே என்றாள். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

வெண்பா உள்ளறையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அந்தச் சார்ட்ட முன்னாடியே பாத்தியா கண்ணு?"

"அம்மா, ப்ளீஸ். நாட் டுடே."

"பாத்தியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

பார்த்தேன் என்று தலையசைத்தாள்.

"அப்ப ஏன் விட்டே? ஒரு வரி எழுதறதுக்கு என்ன கேடு? அது என்ர அம்மா, அத்தையில்லைன்னு எழுதியிருக்கோணுமா இல்லையா?"

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். எழுதினால் விவாகரத்தை எழுத வேண்டும், எந்த வருஷம், யார் முதல், யார் இரண்டாவது என்றெல்லாம் ரோலண்ட் கேட்பார், மார்க்கின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படித்துக்கொண்டு நிற்பார்கள், அப்பாவும் ஷ்யாமளா ஆன்ட்டியும் அத்தனை தூரத்திலிருந்து ஃப்ளைட் பிடித்து வருகிறார்கள், அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்றாள். "இட்ஸ் ஜஸ்ட் எ சார்ட், அம்மா. அண்ட் ஆனஸ்ட்லி, இட் லுக்ட் க்ளீன்."

க்ளீன் என்ற சொல்லை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன். இரண்டு ஷிஃப்ட் பார்த்ததும், காய்ச்சலில் இவளை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்ததும், க்ரீன் கார்டு வருகிறவரை என் அப்பா சாவுக்குக்கூட ஊருக்குப் போகாமல் கிடந்ததும் அழுக்கு. துடைத்துவிட்டால் சுத்தமாக இருக்கிறது.

"அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு எப்படி இருக்கும்னு நெனைக்கலையா நீ?"

அவளுக்கும் கோபம் வந்தது. என் கோபம்தானே அவளிடமும் இருக்கும். அந்தப் பெயரை விடாமல் வைத்துக்கொண்டிருந்தது யார், மாற்று மாற்று என்று காலேஜ் காலத்திலிருந்து நான் சொல்லவில்லையா, பெயரில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் நீதானே சொன்னாய் என்று கேட்டாள். நீ இன்னும் அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்றுதான் நான் இவ்வளவு நாளும் நினைத்தேன் என்றாள்.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு வாய் திறந்தது. யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். டேகேர்க்காரியை, லைசென்ஸை, அவள் சிரித்ததை. "உனக்கு அம்மா நாந்தான்னு பாத்த ஒடனே தெரியோணும்னு வெச்சுட்டு இருந்தேன் அம்மணி. அந்தாளுக்காக இல்ல."

வெண்பா குழந்தையின் வாயோரம் வழிந்த பாலைத் துடைத்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்தான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, மெதுவாக, கடுமையில்லாமல்தான் சொன்னாள். "ஐ நெவர் ஆஸ்க்ட் யூ டு, அம்மா."

உண்மைதான். நாலு வயதுக் குழந்தை எப்படிக் கேட்கும்.

பிறகு அவளே சமாதானம் போல எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். காதில் பெயர் சொல்வதை நீயே செய், மார்க்குக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லை என்றாள். பெயர் என்ன என்று கேட்டேன். முகம் மலர்ந்து சொன்னாள். மரி லூசில் மயில். மரி அவர்கள் வழக்கத்துக்கு, நடுவில் லூசில், கூப்பிடும் பெயர் மயில். நம் பக்கத்திலிருந்து ஏதாவது வர வேண்டும் என்று தேடினோம், நம் குடும்பப் பெயரிலேயே இவ்வளவு அழகாக ஒன்று இருக்கிறதே என்று மார்க்தான் கண்டுபிடித்தான் என்றாள். "பீகாக், அம்மா. இஸின்ட் இட் ப்ரெட்டி?"

நம் பக்கம். குடும்பப் பெயர். அது ஓர் ஆளின் பெயர் கண்ணு, உன்னை விட்டுப் போன ஆளின் பெயர் என்று சொல்லலாம். ஆனால் அது அவள் பெயரும்தான். பள்ளிக்கூடத்தில், காலேஜில், கல்யாணத்துக்குப் பிறகும்கூட மாற்றாமல் வெண்பா மயில்சாமி என்றே கையெழுத்துப் போடுகிறாள். நான் அதைச் சுமந்தேன், அவள் அதில் பிறந்தாள். கோபத்திலும் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது, தெரிந்ததால் இன்னும் கசந்தது.

ஹாலில் தொட்டிலைச் சுற்றிக் கூட்டம். சார்ட்டை யாரும் கழற்றவில்லை. லூசில் கழற்றப் போனபோது, ஃபோட்டோவுக்குப் பின்னணி வேண்டும், இருக்கட்டும் என்று யாரோ தடுத்திருக்கிறார்கள். அவள் என் பெட்டிக்கு நேராக ஒரு பெரிய பூச்சாடியை நகர்த்தி வைத்திருந்தாள். பாவம், அவளால் முடிந்தது அதுதான்.

"அத்தைதான காதுல பேர் சொல்லோணும்" என்றார் மயில்சாமி, எல்லாருக்கும் கேட்கும்படி. "சார்ட்டுப்படி பாத்தா கலாவே அத்தைதான். முறையெல்லாம் கரெக்டா வந்துருச்சு பாருங்க." தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அந்த முறைகூடத் தப்பு. சார்ட்டை நம்பினாலும் நான் அவர் பெண்ணுக்குத்தான் அத்தை, பேத்திக்கு இல்லை. சொல்லிப் பயனில்லை. வெண்பாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு லேசாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

குழந்தையின் காதோரம் வெற்றிலையைப் பிடித்தார்கள். குனிந்தேன். கறுப்பாக இருந்தது காது மடல். அப்போதுதான் கவனித்தேன், வளர வளர இது என் நிறத்துக்குத்தான் வரும். பால் வாசனை அடித்தது. கை முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கூரையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று முறை சொல்ல வேண்டும். மயில் என்று வாயைத் திறந்தால் 'என்னங்க' என்று கூப்பிட்ட காலத்தில் சொல்லாததை இப்போது கொஞ்சிக் கொஞ்சிச் சொல்ல வேண்டும். நாளைக்கும் சொல்ல வேண்டும், சாகும்வரை சொல்ல வேண்டும். சொல்வேன், வேறு வழியில்லை. இந்த ஒரு தடவை மட்டும் சொல்ல மாட்டேன்.

கையைக் காதோரம் குவித்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

கே. கலாவதி. கே. கலாவதி. கே. கலாவதி.

நிமிர்ந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மயில்சாமி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியாம்மா?" என்றாள் வெண்பா. என்றைக்குமில்லாமல் தமிழில் கேட்டாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.